கம்பஸ் புரொஜெக்ற்றுக்குக் கிராமத்துக்குப் போனம், ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு எங்களிட்டப் பதில் இல்லை

பாலைப்பழம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் வன்னியில ஒரு கம்பஸில மூண்டாம் வருசம் படிக்கிறன், எந்தக் கம்பஸ் எந்தப் பீடம் எண்டதைச் சொல்லாமல் விடுறன். இந்த செமஸ்டர் எங்களுக்கு ஊரோட சேர்ந்து படிக்கிற மாதிரி ஒரு பாடம் இருக்கு. ஒரு கிராமத்துக்குப் போய் அங்க இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்து ஆக்களோட சேர்ந்து ஏதாவது செய்யவேணும், பிறகு றிப்போட் எழுதி பிரசென்ட் பண்ணவேணும், அதுக்கு மார்க்ஸ். எங்கட குறூப்பில ஆறு பேர், நாலு பேர் தமிழ், ரெண்டு பேர் சிங்களப் பிள்ளையள். நாங்கள் எடுத்தது கிணத்துத் தண்ணி.

போன கிழமை முதல்தரம் போனம். குளத்துக்குக் கீழ இருக்கிற சின்ன ஊர், பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தரம்தான், நாங்கள் மெயின் றோட்டில இறங்கி நடந்துதான் போனது. முதல் வீட்டில ஒரு அம்மா இருந்தவ. வெயிலுக்குள்ள வந்தனாங்கள் எண்டு இருத்தி தேத்தண்ணி எல்லாம் தந்தவ. நாங்கள் கிணத்தில தண்ணி அள்ளிப் போத்தல்ல விட்டு நம்பர் ஒட்டுறதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு மெதுவாத்தான் கேட்டவ, கோபமா ஒண்டும் கேக்கேல்ல. "பிள்ளையள், போன வருசமும் இப்பிடித்தான் கொஞ்சப் பேர் வந்து போத்தல்ல அள்ளிக்கொண்டு போனவை. அதுக்கு முதலும் ஆரோ வந்தவை. இதைக் குடிக்கலாமோ குடிக்கேலாதோ எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்ல. நீங்களாவது வந்து சொல்லுவியளோ?"

பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிக் காட்டினவ, முன்பல்லு ரெண்டிலயும் மண்ணிறக் கறை.

நான் "சொல்லுவம் அம்மா" எண்டு சொல்லிட்டு வந்திட்டன். ஆனா எப்பிடிச் சொல்லப்போறன் எண்டு எனக்கே தெரியாது. செமஸ்டர் முடிய பத்துக் கிழமைதான் இருக்கு, லாப்பில எங்கட போத்தலுக்கு முன்னால வேற குறூப்புகளின்ர போத்தல் நிக்குது, சீனியர் அண்ணா ஒராளிட்டக் கேட்டன், போன வருச றிப்போட் அலுமாரிக்குள்ள இருக்கும் எண்டார். மார்க்ஸ் போட்டாச்சு, பைல் மூடியாச்சு. நாங்களும் அப்பிடித்தான் செய்யப்போறமோ எண்டு அண்டைக்கு இரவு முழுக்க நித்திரை வரேல்ல, ஏனெண்டால் என்ர அம்மம்மாவும் இப்பிடி ஒரு ஊரில இப்பிடி ஒரு கிணத்தடியிலதான் இருக்கிறா.

இப்பிடிப் பாடம் செய்த ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ, என்ன செய்தால் இது உண்மையிலயே ஊருக்கும் பிரயோசனமா இருக்கும்? ஊரில இருக்கிற ஆக்களும் தயவுசெய்து எழுதுங்கோ, கம்பஸ் பிள்ளையள் வந்தால் உங்களுக்கு எப்பிடி இருக்குது எண்டதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அலைகரை:

தங்கச்சி, நான் ஒரு பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிறன், முந்தி நானும் இதே மாதிரி போத்தல் கொண்டு திரிஞ்ச ஆள்தான். உங்களுக்கு நித்திரை வராதது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன்.

முதல் ஒண்டு. போன வருச றிப்போட் அலுமாரிக்குள்ள இருக்கெண்டால் புதுசாத் தண்ணி அள்ள முதல் அதை எடுங்கோ. பொறுப்பான லெக்சரரிட்ட நேராப் போய்க் கேளுங்கோ, அந்த அம்மா கேட்டதை அப்பிடியே சொல்லுங்கோ, தர மாட்டன் எண்டு சொல்ல மாட்டினம், இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்ல, அவ்வளவுதான். அந்த றிப்போட்டில அவவின்ர கிணத்து நம்பர் இருந்தால் உங்கட வேலையின்ர அரைவாசி அதிலயே முடிஞ்சுது.

ரெண்டாவது, போம். நீங்கள் வீட்டு விபரம் எடுக்கிற போம் கொண்டு போனனீங்களோ தெரியாது, கொண்டு போறதெண்டால் "வீட்டில எத்தினை பேர்" எண்ட கேள்வியை எப்பிடிக் கேக்கிறது எண்டு குறூப்பா இருந்து யோசியுங்கோ. வேற இடத்தில அது சாதாரண கேள்வி. இஞ்ச 2009 யுத்தத்துக்குப் பிறகு அது சாதாரணம் இல்லை. ஒருக்கா ஒரு வீட்டில நான் கேட்டன், அந்த அம்மா விரலை மடக்கி எண்ணத் தொடங்கி நாலாவது விரலில நிண்டிட்டா. மகன் காணாமல் போன ஆள். அவரை எண்ணுறதோ விடுறதோ எண்டு அவவுக்குத் தெரியேல்ல, எண்ணாமல் விட்டால் தானே அவரை இல்லை எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரியில இருந்து உறவுகளைத் தேடி அம்மாக்கள் இருந்தது எல்லாருக்கும் தெரியும்தானே, அப்பிடி ஒரு அம்மாவின்ர முத்தத்தில நிண்டுதான் நாங்கள் இந்தக் கேள்வியைக் கேக்கிறம். தண்ணி பாக்கிறதுக்கு ஆள் தொகை வேணுமெண்டால் "ஒரு நாளைக்கு எத்தினை குடம் தண்ணி அள்ளுவியள்" எண்டு கேட்டாலே காணும். உங்களுக்கு வேண்டின கணக்கும் வந்திடும், அவவின்ர மனமும் நோகாது.

மூண்டாவது, தனியா வீடு வீடாப் போகாதேங்கோ. முதல்ல ஜி.எஸ் ஐ, கிராம சேவகரைச் சந்தியுங்கோ, அது முறை. ஆனா அதோட நிக்காமல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியையும் குடும்பநல உத்தியோகத்தரையும் சந்தியுங்கோ. எந்தக் கிணறு ஆவணி மாசத்தில வத்தும், எந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு அவியாது, எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்லுக் கறை, எல்லாம் குடும்பநல அக்காவுக்குத் தெரியும், நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்கத் திரிஞ்சாலும் அவவுக்குத் தெரிஞ்ச அளவு எங்களுக்குத் தெரியாது. தண்ணி முடிவு வந்தாப் பிறகும் அதை ஊருக்குச் சொல்லேக்க பி.எச்.ஐ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பக்கத்தில இருக்கவேணும், அதைப் பற்றிப் பிறகு எழுதிறன், இப்ப ஒபிசில ஆக்கள் நிக்கினம்.

துருசடி:

பிள்ளை நான் கமம் செய்யிற ஆள் கிளிநொச்சிப் பக்கம், கமக்காரர் அமைப்பில கன வருசம் செயலாளரா இருந்தனான், போனில தட்டுறன் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஊர் ஆக்களையும் எழுதச் சொல்லிக் கேட்டது சந்தோசம் அதுக்காகத்தான் எழுதுறன்.

நாங்கள் 2010இல திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழ இருந்த காலத்தில இருந்து போம் நிரப்புறம். எத்தினை போம் எண்டு கணக்கில்லை, அவை தந்த துண்டுகளை என்ர மனுசி ஒரு சொப்பிங் பையுக்குள்ள போட்டு முகட்டில கட்டி வைச்சிருந்தவ, ஏதாவது வரும் எண்டு. சிலது வந்தது, வீடு வந்தது கிணறு வந்தது, இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா கம்பஸில இருந்து வந்து எழுதிக்கொண்டு போன ஒண்டும் திரும்பி வரேல்ல, ஒரு தரத்தைத் தவிர.

அந்த ஒரு தரத்தைச் சொல்லுறன். கொஞ்ச வருசத்துக்கு முதல் விவசாயம் படிக்கிற பிள்ளையள் எட்டுப் பேர் வந்தவை. எங்களைக் கூப்பிட்டு நிலத்தில மாவால ஊர்ப் படம் கீறச் சொன்னவை, குளம் எங்க வாய்க்கால் எங்க ஆற்ர காணி எங்க எண்டு. முதல்ல எங்களுக்கு இது என்ன விளையாட்டு எண்டு இருந்தது, கீறத் தொடங்கினாப் பிறகு கிழடுகள் எல்லாம் வந்து ஓ இதில முந்தி ஒரு கட்டு இருந்தது, இதால தண்ணி போகாது எண்டு சண்டை பிடிச்சுப் பிடிச்சுத் திருத்தினவை. படிக்கிற ஆக்கள் அதுக்குப் பங்கேற்பு கிராமிய மதிப்பீடு எண்டு பேர் சொல்லுறவை. பிறகு அந்தப் பிள்ளையள் எங்களோட துருசில, அதுதான் குளத்து மதகில, இருந்து கடைசிக் காணி மட்டும் வாய்க்கால் வழிய நடந்தவை. மூண்டு நாள். எந்த இடத்தில தண்ணி ஒழுகிப் போகுது எந்த இடத்தில ஆக்கள் வெட்டி விடுறவை எண்டு எல்லாம் குறிச்சு ஒரு பெரிய கடதாசியில தமிழில படமாக் கீறி எங்கட கையில தந்திட்டுத்தான் போனவை. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில நாங்கள் அதைச் சுவரில ஒட்டி நீர்ப்பாசன எஞ்சினியருக்குக் காட்டினம். முந்தி நாங்கள் கடைசிக் காணிக்குத் தண்ணி வரேல்ல எண்டு கத்துவம் அவை பாப்பம் எண்டுவினம், அண்டைக்குப் படத்தைக் காட்டிக் கதைச்சம். ஒழுகின மூண்டு இடத்தில ரெண்டு கட்டியாச்சு. படம் இப்பவும் அமைப்பின்ர கட்டிடத்தில தொங்குது மங்கிப் போச்சு ஆனாத் தொங்குது.

அதால நான் சொல்லுறது, பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருக்கா வாங்கோ. போகம் தொடங்க முதல் வைக்கிறது. குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது, வெயில்காலச் சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம், ஆருக்கு எவ்வளவு, எந்தத் திகதியில துருசு திறக்கிறது எந்தத் திகதியில பூட்டுறது, எல்லாம் அந்தக் கூட்டத்திலதான் முடிவாகும், சத்தம் வரும் சண்டை வரும் ஆனா முடிவெடுத்தால் எல்லாரும் அதுக்குக் கட்டுப்படவேணும். குடிமக்கள் பங்கெடுக்கிறது எண்டு நீங்கள் படிக்கிறது உதுதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோற திட்டம் வந்தபோது எங்கட பக்கத்துக் கமக்காரர் சிறுபோகத்துக்கே தண்ணி காணாது எண்டு சொல்லி நிண்டதும் இப்பிடி ஒரு பழக்கம் இருந்தபடியாத்தான். பிறகு தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில திறந்தவை. யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத் தண்ணி வேண்டாம் எண்டு நாங்கள் ஒருநாளும் சொல்லேல்ல, எங்களைக் கேட்டுச் செய்யுங்கோ எண்டுதான் சொன்னனாங்கள்.

இன்னொண்டு, எங்களிட்ட வாற நேரம். புரட்டாசி ஐப்பசியில விதைப்பு, தை மாசியில அரிவி வெட்டு, அந்த நேரத்தில வந்து ரெண்டு மணித்தியாலம் இருங்கோ எண்டால் இருக்கேலாது, மரியாதைக்கு இருப்பம் மனம் வயலில நிக்கும். பின்னேரம் வாங்கோ, கோயில் திருவிழா நாளைப் பாத்து விட்டுட்டு வாங்கோ. உங்கட செமஸ்டர் திகதி மாத்தேலாது எண்டால் முதலே சொல்லுங்கோ நாங்கள் ஒரு வழி பாப்பம்.

2018 மார்கழி வெள்ளத்தில என்ர கிணறு சேறு மூடிப் போச்சு. இறைச்சுக் கழுவி குளோரின் போட்டுத் தந்தது கம்பஸ் பொடியளும் பெட்டையளும்தான். அதுகளின்ர முகம் இப்பவும் ஞாபகம் இருக்கு. வாங்கோ பிள்ளை, வரவேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. திரும்பவும் வாங்கோ எண்டுதான் சொல்லுறம்.

பாலைப்பழம்:

ஐயா, நீங்கள் எழுதினதை குறூப்பில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். எங்கட சிங்களப் பிள்ளையள் ரெண்டு பேருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னன், அதில ஒராள் அனுராதபுரப் பக்கம், அவரும் குளத்தடி ஊர்தான், தங்கட ஊரிலயும் இப்பிடிக் கூட்டம் வைக்கிறவை எண்டு சொல்லி அப்பிடியே தன்ர அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டார். மூண்டு வருசம் ஒண்டாப் படிக்கிறம், அவர் கமக்காரன்ர மகன் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

ஆனா ஒரு கேள்வி, அவை ரெண்டு பேரும் ஊருக்கு வாறது சரியோ? முதல் நாள் அவை சிங்களத்தில கதைச்சவுடன பக்கத்து வீட்டுப் படலை மூடினது எனக்குக் கேட்டது. அவைக்கும் கேட்டது. ஒண்டும் சொல்லேல்ல, ஆனா வரேக்க ஒருத்தரும் கதைக்கேல்ல.

கொண்டல்காத்து:

இதை நான் அனுபவிச்சிருக்கிறன். எங்கட பட்ச்சில அரைவாசிக்கு மேல சிங்களப் பிள்ளையள். முதல் வருசம் கள வேலைக்கு அவையை ஒதுக்கி வைச்சிட்டு நாங்கள் மட்டும் போனம், அவை லாப்பில டேட்டா அடிச்சவை. அது பிழை எண்டு இப்ப நினைக்கிறன், ஏனெண்டால் படிச்சு முடிச்சுத் தெற்கில வேலைக்குப் போற அந்தப் பிள்ளையள் வன்னியில நாலு வருசம் இருந்தும் ஒரு வன்னி வீட்டு முத்தத்தில இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்ல.

ரெண்டாம் வருசம் வேற மாதிரிச் செய்தம். போக முதல் சங்கத் தலைவியிட்டச் சொன்னம், எங்களோட ரெண்டு சிங்களப் பிள்ளையள் வருவினம், உங்களுக்கு விருப்பமில்லாட்டில் கூட்டிக்கொண்டு வரேல்ல எண்டு. அவ யோசிச்சிட்டு, "முதல் நாள் வேண்டாம், ரெண்டாம் நாள் கூட்டிக்கொண்டு வா, நான் எல்லாருக்கும் சொல்லி வைக்கிறன்" எண்டா. அந்த ஒரு கிழமைக்குள்ள அவை பேர் சொல்லவும், எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்யினம் எண்டு சொல்லவும், "தண்ணி தாங்கோ" எண்டு கேக்கவும் தமிழில பழகினவை. அவ்வளவும்தான். பிறகு அதில ஒராள் கிணத்துக்குள்ள இறங்கி வாளி எடுத்துக் குடுத்தாப் பிறகு அந்த வீட்டு ஆச்சி அவனுக்கு எண்டு தனியாப் பனங்கட்டி வைச்சுக் குடுப்பா. எல்லா வீட்டிலயும் அப்பிடி நடக்காது, ரெண்டு வீடு கடைசி மட்டும் கதவு திறக்கேல்ல, அதுக்கும் அவைக்கு நியாயம் இருக்கு, நாங்கள் அதைக் கேள்வி கேக்கேல்ல. படலை மூடினால் அந்த வீட்டை விட்டுட்டு வாங்கோ. றிப்போட்டில அந்த வீட்டை "மறுப்பு" எண்டு எழுதாதேங்கோ.

சீருடை போட்ட ஆரின்ர உதவியும் எடுக்காதேங்கோ, வாகனம் தாறம் எண்டு சொன்னாலும் பஸ்ஸில போங்கோ.

முல்லைக்கடல்:

நான் தமிழ்நாட்டில அகதி முகாமில வளந்து அங்க ஒரு கல்லூரியில படிச்சிட்டுத் திரும்பி வந்து இப்ப முல்லைத்தீவில இருக்கிறன். அங்க என்.எஸ்.எஸ் எண்டு ஒண்டு இருக்கு, நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டு வருசம் 1969 செப்டெம்பர் 24ஆம் திகதி 37 பல்கலைக்கழகத்தில 40,000 மாணவரோட தொடங்கினது. வருசத்துக்கு 120 மணித்தியாலம், ரெண்டு வருசத்துக்கு 240, அதோட ஒரு கிராமத்தில ஏழு நாள் தங்கி முகாம். நான் அதில இருந்தனான். அந்த ஏழு நாள் முகாம் என்னை மாத்தினது, ஆனா மற்ற மணித்தியாலம் எல்லாம் எங்கட கல்லூரியில கன நேரம் வளாகம் கூட்டுறதிலயும் ஊர்வலத்தில பதாகை பிடிக்கிறதிலயும்தான் போனது. மணித்தியாலத்தை எண்ணத் தொடங்கினால் அப்பிடித்தான், கையெழுத்துப் புத்தகம் நிரம்பும்.

அந்த ஏழு நாளில என்ன வித்தியாசம் எண்டால் நாங்கள் அங்க படுத்து எழும்பினம். பகலில போனால் நீங்கள் விருந்தாளி. இரவு தங்கினால் விடிய நாலு மணிக்கு அந்த ஊர்ப் பொம்பிளையள் குடத்தோட எவ்வளவு தூரம் போகினம் எண்டு பாப்பியள், உங்கட குளிப்புக்கும் அவைதான் அள்ளவேணும் எண்டு விளங்கும். திண்டுக்கல்லுக்குக் கிட்ட காந்திகிராமம் எண்டு ஒரு பல்கலைக்கழகம் இருக்கு, 1956இல கிராமிய நிறுவனமாத் தொடங்கினது, சௌந்தரம் அம்மாவும் ஜி. இராமச்சந்திரனும் தொடக்கினது. அங்க கிராமத்தில போய்த் தங்கிறது படிப்பின்ர ஒரு பகுதி. என்ர சிநேகிதி அங்க படிச்சவ, அவ சொல்லுவா, முதல் ரெண்டு நாளும் ஒரு கேள்வியும் கேக்கக்கூடாது, வேலை மட்டும் செய்யவேணும் எண்டு அவவின்ர ஆசிரியர் சொல்லி விட்டவராம்.

எங்கட வன்னிக்கும் இது புதுசில்லை தெரியுமோ. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து அடிபட்டு வந்த சனத்தை வவுனியாப் பக்கம் குடியமர்த்தி காணி திருத்திக் குடுத்து பாலர் பாடசாலை நடத்தினது காந்தியம் அமைப்பு. கட்டிடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் தொடக்கினது. 1983 ஏப்ரலில ரெண்டு பேரையும் பிடிச்சவை, அந்த வருசம் யூலையில வெலிக்கடைச் சிறையில இராஜசுந்தரத்தைக் கொலை செய்து போட்டாங்கள். ஒரு டொக்டரும் ஒரு ஆர்க்கிடெக்ற்றும் தங்கட படிப்பை எங்க கொண்டுவந்து வைச்சவை எண்டு வவுனியாவில படிக்கிற பிள்ளையளுக்கு ஒரு லெக்சராவது வைக்கவேணும் எண்டது என்ர நெடுநாள் ஆசை. என்ர பெரியப்பா குடும்பம் அப்பிடி வந்து குடியேறின சனம்தான், அதாலயும் எழுதுறன்.

வீரைமரத்தடி:

நான் தற்காலிக விரிவுரையாளரா ரெண்டு வருசம் இருந்தனான், தண்ணிதான் என்ர பாடம், அதால தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விபரமாச் சொல்லுறன், இதில கவனம் வேணும் தங்கச்சி.

பேரப்பிள்ளையின்ர பல்லுக்கறை புளோரைட்டாலயா இருக்கலாம். வவுனியாப் பக்கம் கீழ கருங்கல் பாறை, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் இல்லை, பாறையில இருந்துதான் புளோரைட் தண்ணியில கரையுது, ஆழமான குழாய்க்கிணத்தில கூட இருக்கப் பாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், எங்கட நாட்டுத் தர அளவு அதைவிடக் குறைய, 1.0. வெக்கை நாட்டில ஆக்கள் கூடத் தண்ணி குடிக்கிறபடியா அது நியாயம். கொதிக்க வைச்சால் கிருமி சாகும், புளோரைட் போகாது. இதை ஊருக்கு வடிவாச் சொல்லவேணும், கன பேர் காய்ச்சிக் குடிச்சால் எல்லாம் சரி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்.

ஆனா முடிவு கூட வந்தால் உடன "இந்தத் தண்ணி குடிச்சால் கிட்னி போகும்" எண்டு வாயைத் திறந்து சொல்லிப் போடாதேங்கோ. 1990களில வடமத்திய மாகாணத்தில கண்டுபிடிச்ச அந்தச் சிறுநீரக நோய் வவுனியாவிலயும் இருக்கு, சனத்துக்குப் பயம் இருக்கு. அதுக்குக் காரணம் இதுதான் எண்டு ஆராய்ச்சிக்காரரே இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்ல, தண்ணியின்ர கடினத்தன்மை, புளோரைட், விவசாய மருந்து, வெயிலில வேலை செய்து உடம்பு வறளுறது எண்டு பலதையும் பாக்கினம். நீங்கள் ஒரு வார்த்தை பிழையா விட்டால் அந்த வீட்டுப் பெட்டைக்குப் பேசின கலியாணம் குழம்பும், அந்த ஊர்த் தேங்காயைக்கூட ஆக்கள் வாங்காயினம். அதாலதான் அலைகரை அக்கா பி.எச்.ஐ பக்கத்தில இருக்கவேணும் எண்டவ எண்டு நினைக்கிறன். வீட்டு முடிவை அந்த வீட்டுக்குத் தனியாச் சொல்லுங்கோ, கூட்டத்தில ஊர்ப் பொதுக்கிணத்து முடிவை மட்டும் சொல்லுங்கோ.

ஒரு தரம் அள்ளின தண்ணியை வைச்சு முடிவு சொல்லாதேங்கோ. ஆவணியில அள்ளினதும் மாரி முடிஞ்சு தையில அள்ளினதும் ஒண்டா இராது. அதாலதான் போன வருச றிப்போட் பொன் மாதிரி, ரெண்டு வருசக் கணக்கும் ஒரே கிணத்துக்கு இருந்தால் அது உங்கட புரொஜெக்ற்றை விடப் பெரிய விசயம். கிருமி பாக்கிறதெண்டால் ஐஸ் பெட்டியில வைச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்குக் கொண்டு போகவேணும், பஸ் ரெண்டு தரம்தான் எண்டனீங்கள், அதையும் யோசியுங்கோ.

மார்க்ஸ் பற்றி. றிப்போட்டோட ஒரு பக்கம் தமிழில ஊருக்கு எழுதினதையும், அதை ஊரில வாசிச்ச நாளையும் மார்க்ஸில ஒரு பங்காச் சேருங்கோ எண்டு நீங்கள் எல்லாக் குறூப்பும் சேர்ந்து எழுதிக் குடுங்கோ. நான் இருந்த இடத்தில பிள்ளையள் கேட்டாப் பிறகுதான் அது வந்தது.

அலைகரை:

திரும்ப வந்திட்டன். வீரைமரத்தடி சொன்னது முழுக்கச் சரி.

நான் விட்ட ஒண்டைச் சொல்லுறன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதியில இருந்து நடைமுறையில இருக்கு. தன்ர கிணத்துத் தண்ணியின்ர முடிவை அந்த அம்மாவே எழுதிக் கேக்கலாம், பல்கலைக்கழகத்திட்டையும் கேக்கலாம், தமிழில கேக்கலாம், ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, எழுதத் தெரியாட்டில் வாயால சொன்னால் தகவல் அலுவலர் எழுதவேணும், 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். உங்கட குறூப் ஊரில ஒரு பின்னேரம் இருந்து அந்த விண்ணப்பம் எப்பிடி நிரப்புறது எண்டு சங்கத்துப் பொம்பிளையளுக்குச் சொல்லிக் குடுத்தால், அடுத்த வருசம் நீங்கள் போனாப் பிறகும் அது அவையின்ர கையில நிக்கும். பிரதேச சபைக்கும் எழுதலாம். 2023 மார்ச்சில கலைஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல சபையே இல்லாமல் இருந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் திரும்ப வந்தது. உறுப்பினரிட்ட எங்கட பொதுக்கிணத்துக்கு என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கிற பழக்கம் ஊரில விட்டுப் போச்சு, அதை முதலில இருந்து பழகவேணும்.

முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு அம்மாக்கள் 2017 தை கடைசியில பிள்ளையளோட றோட்டில இருந்து, படையினர் பிடிச்சு வைச்சிருந்த பிலக்குடியிருப்புக் காணியைத் திரும்ப எடுத்தவை, எந்தக் கம்பஸும் அவைக்கு அதைப் படிப்பிக்கேல்ல. அதால நாங்கள் ஊருக்கு விழிப்புணர்வு குடுக்கப் போறம் எண்டு மட்டும் நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ தங்கச்சி. போம் நிரப்புற முறை எங்களுக்குத் தெரியும், றோட்டில இருக்கிற துணிவு அவைக்குத் தெரியும்.

பாலைப்பழம்:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல. நடந்ததைச் சொல்லுறன்.

செவ்வாய்க்கிழமை லெக்சரரிட்டப் போனம், ஆறு பேரும் போனம். அம்மா கேட்டதைச் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு தானே அலுமாரியைத் திறந்து தேடினவர். போன வருச றிப்போட் இருந்தது, அதுக்கு முந்தின வருசத்தினதும் இருந்தது. ரெண்டிலயும் அந்த வீட்டுக் கிணறு இருக்கு. வேற வேற நம்பர் போட்டிருந்தவை, ஆனா வரைபடத்தில ஆலமரத்துக்குப் பக்கத்து வீடு எண்டு இருந்தபடியாக் கண்டுபிடிச்சம். முடிவு என்ன எண்டு இதில எழுத மாட்டன், அது அவவின்ர வீட்டு விசயம்.

ரெண்டு வருசத்துக் கணக்கையும் ஒரு கடதாசியில தமிழில எழுதினம், பெரிய எழுத்தில, எது கூட எது குறைய, காய்ச்சினால் எது போகும் எது போகாது, சின்னப்பிள்ளைக்குக் குடிக்க எந்தக் கிணத்தில அள்ளலாம் எண்டு. பி.எச்.ஐ ஐயா வாசிச்சு ரெண்டு இடத்தில திருத்தித் தந்தவர். அனுராதபுரப் பொடியன்தான் படம் கீறினது, குடமும் பல்லுத்தூரிகையும். புதுசா அள்ளின போத்தலின்ர முடிவு இன்னும் லாப்பில இருந்து வரேல்ல, அந்த இடத்தை வெறுமையா விட்டு வந்தால் எழுதலாம் எண்டு கோடு போட்டு வைச்சிருக்கிறம்.

மாதர் சங்கத் தலைவியிட்டப் போன் எடுத்தன். சிங்களப் பிள்ளையளைப் பற்றிக் கொண்டல்காத்து அண்ணா சொன்ன மாதிரியே கேட்டன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் மட்டும் வாங்கோ, அடுத்த கிழமை எல்லாரும் வாங்கோ எண்டவ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரச் சொன்னவ, காலமை எல்லாரும் கச்சான் பிடுங்கப் போயிடுவினமாம். நாங்களும் காலமையே போய்ப் பிடுங்குவம் எண்டு சொல்லிட்டன். பஸ் ஆறரைக்கு.